திரௌபதி வீட்டு அடுப்பு

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துத் துரைகளுக்குத் துபாஷியாகப் பதினோரு வருடம் தொண்டை வறண்டவன் நான். பெயர் திருவேங்கடம். அவர்கள் சொல்வதை ஊருக்கும் ஊர் சொல்வதை அவர்களுக்கும் பெயர்த்துச் சொல்வது என் வேலை. இரண்டு பக்கமும் திட்டு எனக்குத்தான்.

அந்த வருடம் ஆவணியில் கோட்டைச் சபைக்கு ஊரைத் திருத்தும் வேகம் வந்தது. செங்கல் கிணறு ஒன்று வெட்டுவது, அதில் மொள்ளும் குடத்துக்கு வரி போடுவது, கோட்டைச் சுவரிலிருந்து முந்நூறு தப்படிக்குள் ஓலைக் கூரையே கூடாது என்பது. கூரை விஷயத்தில் அவர்கள் பயம் நியாயம்தான். சபை மண்டபத்துக்கு அடுத்த அறையில் வெடிமருந்து மூட்டைகள். பெரிய துரையே சுங்கான் குழாயில் புகை பிடிக்க வேண்டுமென்றால் ஏரிக்கரைக்குப் போய்விடுவார்.

எல்லாம் ஊரைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று காட்ட, மீனவர் குப்பத்திலிருந்து தினமும் ஒரு உறுப்பினர் வந்து உட்காரட்டும் என்றார் அவர். சனியனை விலை கொடுத்து வாங்கியது அங்கேதான்.

குப்பத்தார் ஏரியைப் பாடு வைத்து மீன் பிடிக்கிறவர்கள். வலை போடும் இடம் இன்று ஒரு வீட்டின் பாடு, நாளை அடுத்த வீட்டின் பாடு. இன்று கிடைத்தது இன்றைய ஆளுக்கு. நேற்றைய கதையை யாரும் கிளற மாட்டார்கள். சபை நாற்காலிக்கும் அதே வரிசையை வைத்துவிட்டார்கள். முதல் நாள் வந்த ரங்கன் குடத்துக்கு ஒரு காசு என்றதற்குத் தலையாட்டினான். மறுநாள் முனியன் வந்தான்.

"நேற்றுதான் உங்கள் உறுப்பினர் ஒப்புக்கொண்டாரே?" என்று பெரிய துரை கேட்டார்.

"அது ரங்கன் பாடு. அவன் புடிச்சது அவன் கூடையில. நான் இப்பத்தானே வலை போடறேன்," என்றான் முனியன்.

இப்படியே ஏழு நாள். வரி ஒரு காசாகி, அரைக் காசாகி, குடத்துக்குப் பதில் ஆளுக்காகி, ஒருநாள் துரைகள்தான் குப்பத்துக்குக் கட்ட வேண்டும் என்றும் ஆனது. சபை எழுத்தர் பாவம், எல்லாவற்றையும் எழுதி மை தீர்ந்து உட்கார்ந்திருந்தார்.

எட்டாம் நாள் நாகப்பனின் பாடு. அன்று பேச்சு திரௌபதியின் குடிசைக்கு வந்தது. நாகப்பனுக்கு அண்ணி முறை, புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள். ஓலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரிச் சேற்றில் இரண்டு கையாலும் துழாவி இறால் பிடித்துப் பிழைப்பவள். அவள் குடிசை இருந்த மணல் மேட்டின் அடியில்தான் உப்பில்லாத தண்ணீர் ஊறியது. கிணற்றுக்கும் அந்த இடம்தான் வேண்டும், கூரையும் ஓலை. குடிசையை எடுக்கச் சம்மதித்தால் குப்பத்துக்குக் குடவரி கிடையாது என்றார் துரை.

"சரி," என்றான் நாகப்பன். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு நாளைக்குத்தானே, அண்ணி ஒண்ணும் சொல்லாது," என்று முனகினான்.

அந்த முனகலை நான் பெயர்த்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. "சரி" என்பதை மட்டும் சொன்னேன். எழுத்தர் எழுதினார், நாகப்பன் கைநாட்டு வைத்தான்.

மறுநாள் காலை சிப்பாய்கள் போய் அவள் கூரையைப் பிரித்தார்கள். நாகப்பன் ஓடி வந்தான்.

"என் பாடு நேத்தோட முடிஞ்சிபோச்சி. இன்னைக்கு இன்னாத்துக்குப் பிரிக்கிறாங்க?"

"காகிதத்துக்குப் பாடு கிடையாது, நாகப்பா," என்றேன். சொன்ன வாய்க்குள் மண் விழுந்தது போல இருந்தது.

அவன் தலையைக் குனிந்துகொண்டு திரௌபதியிடம் போனான். அன்று ஏரியிலும் சபையிலும் அவள் வீட்டுப் பாடு. ஆனால் குப்பத்தில் அடுப்பு எரிகிற வீட்டுக்குத்தான் பாடு. அடுப்பு அணைந்தால் பங்கு அடுத்த வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது. ஐப்பசி மழையில்கூடக் கூரை இல்லாமல் கிடக்கலாம். பங்கு இல்லாமல் அந்த ஏரியில் கை வைக்க முடியாது.

"ஊர் மொற, அண்ணி. நான் இன்னா பண்றது?" என்றான்.

"அடுப்பு எரியணும். அவ்ளோதானே?" என்றாள் அவள். இடிபாட்டுக்குள் குனிந்து, அடுப்பிலிருந்த நெருப்புக் கங்குகளை ஒரு சட்டியில் வாரி மூடினாள். கூரையிலிருந்து விழுந்த பனை மட்டைகளைக் கட்டாக்கி இடுக்கிக்கொண்டாள்.

கோட்டை வாசலில் யாரும் தடுக்கவில்லை. பாடு முறையில் சபைக்கு வருகிறவர்கள் துரைகளுக்கு மீன் கொண்டு வருவது வழக்கமாகியிருந்தது. சட்டி சுடுவதைப் பார்த்துக் காவல்காரன் குழம்பு என்று நினைத்தான்.

மண்டபத்தில் கிணற்றுக்கான மாதிரிச் செங்கற்கள் அடுக்கி இருந்தன. மூன்றை எடுத்து அடுப்புக் கூட்டினாள். கங்குகளைக் கொட்டி, மட்டையை ஒடித்து வைத்து, காலிச் சட்டியில் மண்டபத்துத் தண்ணீரை ஊற்றி உலையும் ஏற்றிவிட்டாள்.

ஒரு துரை ஜன்னல் வழியாகப் போனார். எழுத்தர் மேசைக்கு அடியில் போனார். பெரிய துரை, சத்தமாகப் பேசினால் மருந்து வெடித்துவிடும் என்பது போல, என் காதில் கிசுகிசுத்தார்.

"அம்மா, பக்கத்து அறையில மருந்து இருக்குது," என்றேன்.

"தெரியும் துபாஷி ஐயா. அதான் மெல்ல ஊதறேன்," என்றாள். "இது இப்ப என் வீடு. மேல பாருங்க, ஓடு. ஓலை இல்ல. உங்க சட்டத்துல இன்னா குத்தம்?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஓடுதான். அடுப்பைப் பற்றிச் சட்டத்தில் எழுதத் தோன்றவில்லை என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. அவளைப் பிடித்து இழுத்தால் சட்டி உருளும். தண்ணீர் ஊற்றினால் பொறி பறக்கும். ஊர் முறைப்படி இது அவள் பாடுதானா என்று கேட்க நாகப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் வந்து, அடுப்பைச் சுற்றி ஒரு முறை நடந்து, குனிந்து பார்த்தான்.

"எரியுது. பாடு அண்ணியோடதுதான்," என்று தீர்ப்புச் சொன்னான்.

"அப்ப எழுதச் சொல்லுங்க," என்றாள் திரௌபதி. "பிரிச்ச கையே கூரை கட்டணும். எடம் என்னுது. கெணறு வேற எங்கனா வெட்டிக்கட்டும்."

இந்த முறை ஒரு சொல் விடாமல் பெயர்த்தேன். அவள் உலையைக் கிளறியதைக்கூடச் சொன்னேன். எழுத்தர் தரையில் படுத்தபடியே எழுதினார்.

பொழுது சாய்வதற்குள் குடிசை நின்றது. சிப்பாய்கள் கயிறு கட்டினார்கள். பெரிய துரை மூங்கிலைத் தாங்கிப் பிடித்தார், கண் மட்டும் கோட்டைப் பக்கமே இருந்தது. பிறகு திரௌபதி மண்டபத்துக் கங்குகளைச் சட்டியில் வாரிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். முன்னும் பின்னும் ஈரச் சாக்குடன் சிப்பாய்கள். காலணி ஆணி பொறி கிளப்பும் என்று துரைகள் வெறுங்காலோடு நடந்தார்கள். சிரிக்க வேண்டிய காட்சிதான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லோரும் போன பிறகும் நான் அவள் வாசலிலேயே நின்றேன். ஒரு சட்டியில் கஞ்சி ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"நாகப்பன் எல்லாத்தையும் சொன்னான். அவன் முனகினது உங்க காதுல வுழலியா?"

"விழுந்தது," என்றேன்.

அவள் கஞ்சிச் சட்டியை இன்னும் என் பக்கம் நகர்த்தினாள். "ஆறிடப்போவுது, குடிங்க," என்றாள்.