அகர வரிசையில் ஆப்பிரிக்கா

இந்த நாட்டில் என் வேலை அனுமதி முடிய இருபத்து மூன்று நாட்கள் இருந்தன. அதைப் புதுப்பிப்பதும் விடுவதும் சேதுபதி சார் கையில் இருந்தது. டன்லப் ஸ்ட்ரீட்டில், பூக்கடைக்கு மேல் மாடியில், பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்கள் போடும் சின்னப் பதிப்பகம் அவருடையது. நான் அங்கே நான்கு வருடமாகப் பதிப்பாசிரியர். புதுப்பிக்காவிட்டால் ஊருக்கு, மணப்பாறைக்குத் திரும்பிப் போக வேண்டும். அங்கே எனக்கென்று இருப்பது ஒரே வீடு. முதுகில் பெல்ட்டால் அடி வாங்கிக்கொண்டு நான் கிளம்பி வந்த, என் கணவருடைய வீடு.

அந்த மாதம் எங்களுக்கு வந்த வேலை ஒரு சிறு நூல். ஒரு சமூக அமைப்பு, தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்கக் கண்டத்தைப் பற்றித் தமிழில் வினாடி வினா நடத்தவிருந்தது. அதற்கு நூற்றிருபது கலைச்சொற்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம், பின் அட்டையில் மடித்து ஒட்டிய ஒரு வரைபடம். சவானா, சஹேல், பிளவுப் பள்ளத்தாக்கு, இன ஒதுக்கல், சுவாஹிலி, வாய்மொழி வரலாறு என்று நிலம், சரித்திரம், பண்பாடு மூன்றும் கலந்த பட்டியல். யாரோ ஓர் ஆசிரியர் ஆங்கிலத்தில் தயாரித்துக் கொடுத்ததை நான் தமிழாக்கினேன். வரைபடத்தில் ஊர் பேர் கிடையாது, எண்கள் மட்டுமே. பிள்ளைகள் எண்ணைப் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வரைபடத்தைச் செய்தவள் அமீரா. இருபத்தைந்து வயது, பொங்கோலில் வீடு, வாரம் மூன்று நாள் வந்து பக்கம் வடிவமைப்பாள். பேச்சுத் தமிழ் கொட்டும். படிப்பதற்கு மட்டும் எழுத்துக்கூட்டுவாள். அதனால் அவள் ஆங்கிலப் பட்டியலின் எண்களையே வரைபடத்தில் போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை கடைசி முறையாகப் படித்துப் பார்த்தேன். எனக்கு உறுத்தியது. 'அட்லஸ்' மலைக்கு அடுத்து 'பாவோபாப்' மரம், அதற்கடுத்து 'காங்கோ'. தமிழ்ச் சொற்பட்டியல் ஆங்கில வரிசையில் நின்றது. எங்கள் அரசுப் பள்ளியில் அகர வரிசை தப்பினால் முழு மதிப்பெண்ணும் போகும். சொற்பட்டியல் என்றாலே அ, ஆ என்று போக வேண்டும் என்பது எனக்கு உடம்பில் ஊறியது. முக்கால் மணி நேரத்தில் அடுக்கி முடித்து, ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை புதிதாக எண் போட்டு அமீராவுக்கு அனுப்பினேன்.

அவள் கைப்பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, ஃபைல் லாக் பண்ணிடவா? லிஸ்ட்ல ஏதும் சேஞ்ச் இல்லையே?"

"ஒரு சொல்லும் மாத்தலம்மா," என்றேன்.

பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. சொல்லை மாற்றுவதுதான் மாற்றம். வரிசைப்படுத்துவது சுத்தம் செய்வது என்று நினைத்தேன். வரைபடம் என் நினைவுக்கே வரவில்லை.

திங்கட்கிழமை அறுநூறு பிரதிகள் அச்சாகி வந்தன. செவ்வாய்க் காலை அந்த அமைப்பிலிருந்து நிவேதிதா என்ற பெண்மணி கூப்பிட்டார். நூலில் நைல் நதி எழுபத்தேழு. வரைபடத்தில் எழுபத்தேழு நமீப் பாலைவனம். கிளிமஞ்சாரோ நாற்பத்து நான்கு; வரைபடத்தில் அது கினி வளைகுடாவின் தண்ணீருக்குள் கிடக்கிறது. சனிக்கிழமை போட்டி, உங்களை நம்பினோமே என்று அவர் அமைதியாகத்தான் கேட்டார்.

சேதுபதி சார் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. நைல் என்ற சொல் காதில் விழுந்தபோதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.  வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அமீரா பக்கம் திரும்பிவிட்டார்.

"தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகிட்ட மேப்பைக் கொடுத்தது என் தப்பும்மா. நாளையிலேருந்து நீ வரவேணாம்."

 அமீராவே தன்னைத்தான் சந்தேகித்தாள். பொருள்களை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். "ஆறாம் வகுப்பு பி.எஸ்.எல்.இ பரீட்சையிலேயே எனக்குத் தமிழ் சொதப்பல் லா, அக்கா. நம்பரை எங்கயோ மாத்தி அடிச்சிட்டேன் போல. உங்க உழைப்பு வீணாப்போச்சு." நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையை என்ன செய்வதென்று பிறகு எனக்குத் தெரியவில்லை.

ஆங்கில வரிசையில் இருந்த பழைய தமிழ்ப் பட்டியல் என் கணினியில் மட்டும்தான் இருந்தது; அதைப் பார்த்தால்தான் மாற்றியது நான் என்று தெரியும். அன்று ரயிலில், நான் தங்கியிருந்த செங்காங் போகும் வரை கணக்குப் போட்டேன். அவள் இந்த நாட்டுப் பிள்ளை. வேறு வேலை கிடைக்கும். பெற்றோர் கூடவே இருக்கிறார்கள். எனக்கு இருபது நாள். சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். சொல்லாத பக்கமே ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது. அது ஜெயிக்கும்படியாகத்தான் எழுதினேன் என்பதும் தெரிந்தது.

புதன்கிழமை, சரியான எண்களோடு வரைபடத்தை மட்டும் மறுபடி அச்சடித்துப் பழையதன் மேல் ஒட்டுவதென்று முடிவானது. எந்தப் பழைய எண்ணுக்கு எந்தப் புது எண் என்ற அட்டவணையை நான் ஒரு மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தேன். சேதுபதி சார் அசந்துபோனார். நீங்க இல்லன்னா இந்த ஆபீஸ் இல்ல என்றார். நான் அட்டவணையை இன்னொரு முறை சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மதியம் வரைபடத் தாள்கள் வந்து நான் ஒட்ட உட்கார்ந்தபோது, அமீரா மாடியேறி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தன்னால் வந்த வேலை, உட்கார்ந்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று சாரிடம் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து மடித்தோம், ஒட்டினோம். ஏறக்குறைய நூறு பிரதி முடிந்திருக்கும். ஒரு பெரிய வடிவமைப்பு நிறுவனத்தில் முழுநேர வேலைக்கு நேர்முகம் முடிந்துவிட்டதாகச் சொன்னாள். அவர்கள் இன்று நான்கு மணிக்கு சேதுபதி சாரைக் கூப்பிட்டு அவளைப் பற்றி விசாரிப்பார்களாம்.

"காலையில போன்ல கேட்டேன், சார் உள்ளதைத்தான் சொல்வேன்னுட்டாரு. சரிதானே, அக்கா? நான் செஞ்சதுதானே."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை. ரயிலில் போட்ட கணக்கில் இந்த வரி இல்லை.

அப்போது சார் என்னை உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் என் அனுமதிப் புதுப்பிப்புத் தாள்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்று பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். பாஸ்போர்ட் நகல் கொண்டுவந்தீங்களா என்று கேட்டார். கொண்டுவந்திருந்தேன். எடுத்து வைத்தேன். பேனாவைத் திறந்தேன். முதல் புள்ளிக்குப் பக்கத்தில் முனையை வைத்தும்விட்டேன். பேனாவை எடுத்து மூடினேன்.

"சார், மேப்பு சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் வெள்ளிக்கிழமை லிஸ்ட்டை அகர வரிசைக்கு மாத்தினேன். மாத்தலைன்னு அந்தப் பிள்ளைகிட்ட சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்."

 தப்பு யாரும் செய்வாங்க, அந்தப் பிள்ளை போறதைப் பார்த்துக்கிட்டு ஒரு நாள் முழுக்க என் முன்னாடி உட்கார்ந்திருந்தீங்களே என்றார்.  பென்சில் புள்ளி வைத்த தாள்களை ஒன்றாகச் சேர்த்தார். யோசிக்கணும் என்றார். அவர் குரலிலேயே யோசித்து முடித்துவிட்டது தெரிந்தது. பிறகு மேசைத் தொலைபேசி ஒலித்தது; அந்த வடிவமைப்பு நிறுவனம்தான். "அமீராவா? அருமையான பிள்ளைங்க. வேலையில தப்பே பார்க்க முடியாது," என்று அவர் ஆங்கிலமும் தமிழும் கலந்து சொல்லிக்கொண்டிருக்க, நான் வெளியே வந்தேன்.

கதவு திறந்தே இருந்திருக்கிறது. அமீரா மடித்த தாளைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"சேஞ்ச் இல்லையேன்னு நான் அன்னைக்கே கேட்டேன்லக்கா," என்றாள்.

"ஆமாம்மா, நீ கேட்டே."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். இன்னும் ஐந்நூறு பிரதிகள் இருந்தன.  பசையைத் தொட்டு, அடுத்த ஆப்பிரிக்காவை எடுத்து, மூலைக்கு மூலை பொருத்தி ஒட்டினேன்.