ஒரு சுற்றும் குறையாது

ஓர் ஆளின் உயிருக்கு அறுநூற்று ஐம்பது விலை சொன்னார்கள். கண்ணாடிக் கடைக்காரர் வாய் வலிக்கப் பேசி அறுநூற்று இருபதுக்கு முடித்தார். வாங்கியது முதலுதவிப் பெட்டி. முதலுதவிப் பயிற்சிக்குப் போய்வந்த மருமகள் ஒற்றைக்காலில் நின்றதால் வந்தது. துணியும் பட்டையும் அடைத்த டப்பாவுக்கு இவ்வளவா என்று ஒரு மாதம் புலம்பினார்.

அன்று மதியம் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மேசையிலிருந்து சரிந்தது. வெட்டுகிறவர் தாங்கிப் பிடிக்கப் போனார். எந்தக் கண்ணாடியையும் ஒரே கீறலில் வெட்டுவதால் கடையில் அவர் பெயர் ஒத்தக்கீறல். கண்ணாடியும் அவர் முன்கையை ஒரே கீறலில் பிளந்துவிட்டது. ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது.

மருமகள் கடை வண்டிக்காரரை ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள். கையுறை மாட்டி, ஒத்தக்கீறலைப் படுக்கவைத்து, காயத்தில் கண்ணாடித் துண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, துணிச்சுருளை உள்ளே திணித்தாள். மாமனாருக்கும் கையுறை கொடுத்து, அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து, உடம்பு பாரத்தை எல்லாம் இறக்கி அழுத்தச் சொல்லிவிட்டு, ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையைப் பெட்டியில் தேடினாள்.

அவர் அழுத்தத்தான் செய்தார். ஆனால் நாற்பது வருஷமாகப் பிரித்துப் பார்க்காமல் எந்தச் சரக்கையும் வாங்காத கை அது. நின்றுவிட்டதா என்று துணியை லேசாகத் தூக்கினார். அடங்கத் தொடங்கிய ரத்தம் மறுபடி கொட்டியது.

"மாமா, தூக்கிப் பாக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் கை எடுக்கக் கூடாது."

அவரிடம் அந்தக் குரலில் யாரும் பேசியதில்லை. மூச்சுகூட விடாமல் அழுத்தினார்.

துணி மீண்டும் நனைந்தது. இன்னொரு சுருளை அதன்மேலேயே வைத்துவிட்டு, முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டி, அதிலிருந்த குச்சியை முறுக்கினாள். ஒத்தக்கீறல் வலியில் துடித்தார்.

"பாவம்மா, ஒரு சுத்து குறைச்சுக்கயேன்," என்றார் மாமனார்.

"இதுல பேரமே கிடையாது மாமா. ரத்தம் நிக்கணும்."

கூட ஒரு சுற்று முறுக்கினாள். நின்றது. குச்சியைப் பூட்டி, பட்டையில் நேரத்தை எழுதினாள்: இரண்டு பத்து.

வெளுத்த உதட்டோடு ஒத்தக்கீறல் முனகினார்: "முதலாளி, உங்ககிட்டயே ஒரே விலை சொல்லிட்டாங்களே."

ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயைத் தைத்த டாக்டர், கட்டியது யார் என்று கேட்டார். "என் மருமக," என்றார் கடைக்காரர். கேட்காத நர்சிடமும் சொன்னார். லிஃப்டில் நின்றவரிடமும் சொன்னார். வாழ்நாளில் படியாமல் போன ஒரே பேரத்தை வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துத் திரிந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒத்தக்கீறல் வந்து, கூடிநின்று பார்த்தவர்கள் முன்னால் ஒரே கீறலில் கண்ணாடியை வெட்டினார். அன்று மாலை கடைக்காரர் முதலுதவிப் பெட்டிக்கென்று வைத்த நோட்டில் தன் கைப்பட எழுதினார்:

செலவு: துணிச்சுருள் இரண்டு, பட்டை ஒன்று, கையுறை இரண்டு ஜோடி. மிச்சம்: ஆள் ஒன்று, விரல் பத்து. புதுப்பெட்டி வாங்கியது: இரண்டு. பேரம்: இல்லை.