கூட்டல் குறி போட்ட நம்பர்

போன் ஒரு தடவை அடித்து நின்றது. பையிலிருந்து எடுப்பதற்குள் மறுபடி ஒரு தடவை அடித்து நின்றது. நான் தண்ணி டாங்கிக்குப் பின்னால் இருக்கிற பாறையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் சிக்னல் கிடைத்துக் கோல் பிடிக்கிற இடம் அது ஒன்றுதான். லயத்து வீட்டுக்குள் கொண்டு போனால் போன் வெறும் டோர்ச் லைட். அதனால் சம்பளம் இல்லாத காவல்காரன் மாதிரி பின்நேரமானால் அங்கே போய் உட்காருவேன். மழைக்காகப் போனைப் பால்மா பையில் சுற்றி வைத்திருப்பேன். பையைப் பிரித்துப் பார்த்தேன். நீட்டு நம்பர். முன்னால் கூட்டல் குறி. திரும்பச் சுற்றி வைத்துவிட்டேன்.

அந்தக் குறி என் போனில் எந்தப் பொத்தானிலும் இல்லை. பொத்தானில் இல்லாத ஒன்றிலிருந்து வருகிற கோலுக்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? கீழ் லயத்தில் ஒருத்தன் இப்படி வந்த நம்பருக்குத் திருப்பிக் கோல் எடுத்து, போனில் போட்ட ரீலோட் காசு முழுக்கப் போய்விட்டது. அந்தப் பக்கம் ஒரு பொம்பளை பேசிக்கொண்டே இருந்தாளாம். என்ன பாஷை என்று தெரியவில்லையாம். மரியாதைக்கு இவனும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது.

நான் அங்கே உட்காருவது என் மகள் தனுஜாவின் கோலுக்காக. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். போய் இறங்கிய அன்றைக்கு அங்கே உள்ள ஏஜென்சிக்காரனின் போனில் "வந்துட்டேன்ப்பா" என்றாள். அதோடு சரி. ஒரு தீபாவளி போய், தைப்பொங்கலும் போய்விட்டது. அவளை அனுப்பிய இந்திரஜித்தைப் பதுளையில் போய்ப் பார்த்தேன். பசாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் அவன் ஆபீஸ். உட்காரச் சொன்னான், தேத்தண்ணி எடுத்துக் கொடுத்தான். "கோல் வரல்லன்னா வேலை நல்லா போகுதுன்னு அர்த்தம் ஐயா. கஷ்டப்படுறவங்கதான் அடிக்கடி எடுப்பாங்க" என்றான். பேசி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் போனையே தேய்த்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணி கொடுத்து அனுப்புகிறவனை நான் நம்புவதில்லை.

அவள் போனதற்குக் காரணம் மலை. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு ஆபீஸ்காரர்கள் வந்து எங்கள் லயத்துக்குப் பின்னால் விட்டிருக்கிற வெடிப்பைப் பார்த்தார்கள். இங்கே இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கே இருக்கணும் என்று எழுதிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து பெரிய மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம், வெயில் வந்தால் அதே லயத்துக் காம்பராவுக்குத் திரும்புகிறோம். எத்தனை மழைக்கு இப்படி என்று கேட்டாள் தனுஜா. கீழே ரோட்டுப் பக்கம் ஒரு துண்டு நிலமும் நாலு சுவரும் என்று சொல்லிக்கொண்டு போனாள். பதுளை பஸ் ஸ்டாண்டில் என் நம்பரைத் தலைகீழாகச் சொல்லக் கூடிய மாதிரி பாடமாக்க வைத்துத்தான் அனுப்பினேன்.

பெரியாயி, என் மனுசி, அந்தக் கூட்டல் நம்பரை விடவில்லை. மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு கேட்பாள்.

"இன்னைக்கும் அடிச்சுச்சா?"

"அடிச்சுச்சு."

"எடுத்தாதான் என்னா, கடிக்கவா போகுது?"

"கடிக்கும்."

அவள் வாயை அடைக்க ஒரு நாள் அந்த நம்பரைப் பார்த்துப் பார்த்து அமத்தினேன். எந்த நம்பருக்கும் முன்னால் சைபர் வேண்டும் அல்லவா? ஒரு சைபர் போட்டேன். சிங்களத்தில் ஒரு பெண் ஏதோ சொன்னாள், பிறகு இங்கிலீசிலும் சொன்னாள். அந்த நம்பரே இல்லை என்று எனக்கு விளங்கியது. இல்லாத நம்பரிலிருந்து கோல் வருகிறதென்றால் அது கள்ளன் வேலைதான் என்று பெரியாயியிடம் சொன்னேன். அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். களைத்துப் போனவளிடம் எதையும் நிரூபித்துவிடலாம்.

சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை லுணுகலைக்குப் போனேன். விஜயலெட்சுமியின் கடையில்தான் ரீலோட் போடுவேன். எங்கள் மேல் லயத்துப் பெண். குவைத்தில் பல வருசம் இருந்துவிட்டு வந்து டவுனில் வளையலும் ரீலோட்டும் போட்டோ கொப்பியுமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். போனை நீட்டி, இந்தக் கள்ளக் கோல்கள் வராமல் பண்ணித் தா என்றேன்.

அவள் மேலும் கீழும் அமத்திப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, வேற வேற நம்பரா இருந்தாலும் இது எல்லாமே குவைத் நம்பர். தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சு போட்டிருக்கு பாருங்க."

குவைத் தெரியும். குவைத்துக்கு ஒரு நம்பர் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் கள்ளன் குவைத்தில் இருக்கிறான் என்றேன்.

"கள்ளனும் இருப்பான், இல்லேங்கல. ஆனா கள்ளன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாத்தா அடிப்பான்? ரெண்டு ரெண்டா வந்திருக்கு மாமா. ஒவ்வொரு தடவையும் ரெண்டு."

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அது நான் போட்ட கணக்கு. தனுஜா கொழும்பில் கார்மெண்ட் வேலைக்குப் போனபோது காசு கரையக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தது. ஒரு மிஸ் கோல் வந்தால், சுகமாக இருக்கிறேன், திருப்பி எடுக்க வேண்டாம். ரெண்டு வந்தால், நீங்கள் திருப்பி எடுங்கள். கடல் தாண்டிய பிறகும் அதே கணக்கைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விஜயலெட்சுமியிடம் அதைச் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன்.

கோல் வந்ததே மாசிக்குப் பிறகுதான், அதற்கு முந்தி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். அடித்திருப்பாள், வந்திருக்காது என்றாள். அங்கேயிருந்து எடுக்கும்போது நம் நம்பருக்கு முன்னால் இருக்கிற சைபரைக் கழற்றிவிட்டுத் தொண்ணூற்று நாலு போட வேண்டுமாம். அவளுக்கும் போன புதிதில் யாரும் சொல்லித் தரவில்லையாம். சைபரோடு அடித்து அடித்து, ஒரு அரபிக்காரன் எடுத்து ஏசுவானாம். அவன் ஏசுவதைக் கேட்டுக்கொண்டு, அப்பா ஏன் அரபி பேசுகிறார் என்று அழுதாளாம். இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் பதுளை பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொண்டேன். அந்தச் சைபரையும் சேர்த்துத்தான் பாடமாக்க வைத்தேன்.

"இங்க இருந்து எடுக்க ஒரு சைபர் இல்ல மாமா, ரெண்டு" என்று சொல்லி அவளே அமத்தினாள். முதல் நம்பரை யாரும் எடுக்கவில்லை. அடுத்ததை ஒரு ஆள் எடுத்தான். நல்ல தமிழ். இராமநாதபுரத்துக்காரன், தண்ணி லாரி ஓட்டுகிறவன். நான் யார் என்று சொன்னதும் லாரியை ஓரம் கட்டுவது கேட்டது.

"அந்தப் புள்ளையோட அப்பாவா? வெள்ளிக்கிழமை வீட்டுக்காரங்க பள்ளிவாசலுக்குப் போன நேரம் குப்பை போட வெளிய வரும். தெருவுல யார் நின்னாலும் போன் கேக்கும். பேசும்மான்னு சொன்னா பேசாது. ஒரு மணி அடிச்சதும் கட் பண்ணும், மறுபடி அடிச்சு கட் பண்ணும். அப்புறம் போனைக் கையில வச்சுக்கிட்டு நிக்கும். ஏம்மான்னா, அப்பா திருப்பி எடுப்பாருன்னு சொல்லும்."

ரீலோட் கரைகிற சத்தம் என் காதுக்குள் கேட்பது போல் இருந்தது. எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"மெலிஞ்சிருக்குங்க. கையில துணி சுத்தியிருந்துச்சு. கேட்டேன், சொல்லல."

இனி அவனுக்கு வேறு தெரு, அந்தப் பக்கம் வரமாட்டான் என்றான். மன்னிச்சுக்குங்க அய்யா என்றான். அவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? அதற்குள் காசு முடிந்து கோல் நின்றுவிட்டது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த விஜயலெட்சுமி தன் இடது கையைச் சால்வையால் மூடிக்கொண்டாள். அங்கே ஒரு தழும்பு இருக்கிறது. தேயிலை மிலாறுக் குச்சி கிழித்தது என்று முன்பு சொல்லியிருக்கிறாள். நான் நம்பவில்லை, மேற்கொண்டு கேட்டதும் இல்லை.

"வெளிநாட்டு வேலைவாய்ப்பு ஆபீசுக்கு எழுதிக் குடுப்பம் மாமா, நானும் வாறேன். ஆனா அவ வாயால ஊருக்குக் கூப்பிட்டுக்கங்கன்னு சொல்லணும். இல்லாட்டி இந்திரஜித் போய் அவ நல்லா இருக்கான்னு சொல்லிருவான். இந்த வெள்ளி முதல் மணியிலேயே எடுத்துருங்க. எடுத்தா காசு போகாது."

எடுத்தால் காசு போகாது. இத்தனை நாளும் அது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பெரியாயி வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் இன்றைக்குத் தன் பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். மத்தியானச் சோற்றையும் பாறைக்கே கட்டிக்கொண்டு வந்தோம். ரெண்டு பேரும் அதைத் தொடவில்லை. நமக்குப் பின்நேரமாகும்போதுதான் அங்கே பள்ளிவாசல் நேரம் என்று விஜயலெட்சுமி சொல்லியிருந்தாள். கீழேயிருந்து மேகம் ஏறி வந்து முதலில் கீழ் லயத்தை மறைத்தது, பிறகு கோயிலை. தூறல் விழுந்தது. ஒரு குடைதான் இருந்தது. பெரியாயி அதை எனக்கும் பிடிக்கவில்லை, தனக்கும் பிடிக்கவில்லை. என் கையில் இருந்த போனுக்குப் பிடித்தாள்.

"கைல துணின்னா, காயமா இருக்குமா, சும்மா வெட்டுப் பட்டிருக்குமா?" என்று கேட்டாள். காலையிலிருந்து கேட்கிறாள்.

"சும்மா வெட்டா இருக்கும்."

பெருவிரலைப் பச்சைப் பொத்தானிலேயே வைத்திருந்தேன். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற கத்தி பிடித்து மரத்துப் போன விரல். நான் நினைக்கிற நேரத்துக்கு மடங்காது.

போன் அடித்தது. கூட்டல் குறி. நான் அமத்தினேன், அமத்தினேன் என்றுதான் நினைத்தேன். அதற்குள் நின்றுவிட்டது.

"போச்சா?" என்றாள் பெரியாயி.

"பொறு."

ஒன்றோடு நின்றால் அவள் சுகமாக இருக்கிறாள். நான் போட்ட கணக்கு அப்படி. ரெண்டாவது வந்தால்தான் குரலைக் கேட்கலாம், ஊருக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். எது வர வேண்டும் என்று எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியவில்லை. குடையின் விளிம்பிலிருந்து தண்ணி என் மணிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. போனின் வெளிச்சம் மெல்ல மங்கியது. அணைந்துவிடாமல் இருக்கப் பெரியாயி தன் ஈர விரலால் ஓரப் பொத்தான் ஒன்றை ஒரு தடவை அமத்தினாள்.