சாவி வைத்த கை

தெய்வசிகாமணி கடிகாரத்தின் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். உள்ளே இன்னொரு மூடி இருந்தது. அதன் நடுவில் மிளகு நுழையுமளவுக்கு ஒரு துளை. கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றாமலேயே நிமிர்ந்து, "சாவி எங்கங்க?" என்றார்.

தங்கதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. அது அவன் அப்பா பொன்னுரங்கத்தின் கடிகாரம். அவருக்கு அவர் அப்பா கொடுத்தது. ஆனி மாதம் அப்பா இறந்த பிறகும் பம்புசெட் கொட்டகையில் ஆணியில் தொங்கியபடி ஓடிக்கொண்டிருந்தது. புரட்டாசியில் ஒருநாள் பார்த்தால் நின்றிருந்தது. தலையிலிருந்த குமிழைத் திருகிப் பார்த்தான், அசையவில்லை. குறடு போட்டும் திருகினான். குமிழின் கழுத்து வளைந்ததுதான் மிச்சம். அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறியிருந்தான்.

"இது தலைல சாவி குடுக்கற வாட்ச் இல்லீங்க. பின்னால, இந்த ஓட்டைல சாவி வுட்டுத் திருப்பணும். சீமைல செஞ்சது, நூறு வருஷத்துக்கு மேல ஜாஸ்தியாவே இருக்கும்" என்றார் தெய்வசிகாமணி. மூடியின் உட்புறத்தில் எறும்பளவு நடந்துபோகும் ஒரு சிங்கத்தைக் காட்டினார். அது சுத்த வெள்ளிக்கான முத்திரையாம். உள்மூடியையும் திறந்து லென்ஸை அவனிடம் நீட்டினார். சைக்கிள் செயினைத் தலைமுடி கனத்துக்குச் சுருக்கியதுபோல ஒரு சங்கிலி, சின்னக் கூம்பு ஒன்றைச் சுற்றிக் கிடந்தது. இத்தனை வருஷம் வீட்டிலிருந்த பொருளின் வயிற்றுக்குள் இப்படியொன்று இருந்தது தெரியாமல் போனதில் அவனுக்கு லேசான கூச்சம் வந்தது.

"என்னா ரிப்பேருங்க?"

"ரிப்பேரே இல்ல. கழுத்த நிமித்தி, கழுவி எண்ணெ வுட்டுக் குடுக்கறேன். சாவி வைக்காம நின்னு போயிருக்கு, அவ்ளோதான். யாரு சாவி வச்சிக்கினு இருந்தாங்க?"

"எங்கப்பாதான்" என்றான் தங்கதுரை.

சொல்லிவிட்டானே தவிர, திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பதில் அவனுக்கே இடித்தது. அப்பாவுக்குக் கண்புரை முற்றிப் பல வருஷமாகிறது. இலையில் சோறு எந்தப் பக்கம், குழம்பு எந்தப் பக்கம் என்று அம்மாதான் கையைப் பிடித்துக் காட்டுவாள். அவரா அந்தத் துளையில் சாவியை நுழைத்திருப்பார்? சரி, அவர் போன பிறகு யார் வைத்தது?

அம்மா லட்சுமியம்மாள் வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். சாவியைப் பற்றிக் கேட்டதும் தலையைக்கூடத் தூக்கவில்லை. "முனியங்கிட்ட இருக்கும். கண்ணு போனதுலேர்ந்து அவன்தானடா வச்சிக்கினு இருந்தான்."

"அப்பா செத்த அப்புறமுமா?"

"வையின்னும் யாரும் சொல்லல, வைக்காதன்னும் யாரும் சொல்லல. அவன் பாட்டுக்கு வச்சிக்கினு இருந்தான்." ஒரு நிலக்கடலையை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டாள். "அவன் வர்றது நின்னுச்சி, அதுவும் நின்னுச்சி."

கிணறு பங்காளிகளுக்குப் பொது. யாருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் முறை முடிகிறது என்பதில் வெட்டுக்குத்து வராமல் இருந்ததே அந்தக் கடிகாரத்தால்தான். அவர்கள் நிலத்தில் வேலை பார்த்த முனியன் விடியலில் காலனியிலிருந்து வந்து, மோட்டார் போடுமுன் கொட்டகைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நிற்பான். பீடிதான் பற்றவைக்கிறான் என்று தங்கதுரை நினைத்திருந்தான்.

முனியன் ஏன் வருவதில்லை என்பது தங்கதுரைக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்க அவனுக்குத் துணிவில்லை.

தங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைமறியல் நடந்த வாரத்தில்தான் அவன் வருவது நின்றது. பி.ஏ. முடித்துவிட்டு எழுதிய பரீட்சைகளெல்லாம் கைவிட்டபின், நிலத்தோடு கிடந்தவன் தங்கதுரை. கேட்பது நியாயம் என்று அவன் மனசார நம்பினான். இன்றும் நம்புகிறான். ஊர்ப் பையன்களோடு சேர்ந்து ரோட்டுப் புளியமரத்தைக் குறுக்கே சாய்த்ததில் அவன் கையும் உண்டு. அன்று மத்தியானம் முனியன் மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஜெயம்மாள் வைக்கோல்மேல் படுத்திருந்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், கிளையைக் கொஞ்சம் ஒதுக்கினால் வண்டி போய்விடும் என்று கும்பிட்டுக் கேட்டான். "ஒருத்தனுக்கு வுட்டா எல்லாத்துக்கும் வுடணும், திருப்புடா வண்டிய" என்று எவனோ கத்தினான். முனியனின் கண் கூட்டத்தில் துழாவித் தங்கதுரையிடம் வந்து நின்றது. தங்கதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தின் மறுபக்கம் பார்த்தான். வண்டி திரும்பியது. ஏரிக்கரை தாண்டுவதற்குள் வண்டியிலேயே குழந்தை பிறந்ததாகப் பிறகு சொன்னார்கள். பிள்ளை பிழைத்தது. தாய்க்கு ரத்தம் நிற்காமல் உயிர் இழுத்துப் பறித்ததாம். உடம்பு தேறியதும் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் புருஷன் ஊரான வடக்கனந்தலுக்குப் போன முனியன் திரும்பவே இல்லை.

கடிகாரத்தைத் திரும்ப வாங்கப் போனபோது, துளைக்குள்ளிருந்த சதுர முனைக்கு ஒரு சாவி கடைந்து தரட்டுமா என்று தெய்வசிகாமணி கேட்கத்தான் செய்தார். தங்கதுரை வேண்டாமென்றான். கழுவி எண்ணெய் விட்ட கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வடக்கனந்தல் பஸ்ஸில் ஏறினான்.

காலனியின் கடைசி வீடு. பின்னால் கரும்புக்காடு, அதற்கும் பின்னால் கல்வராயன் மலை கறுத்துக் கிடந்தது. முனியன் வாசலில் அரிவாளுக்குப் பதம் வைத்துக்கொண்டிருந்தான். தங்கதுரையைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்தான். எழுந்தவன், தோளிலிருந்த துண்டை மட்டும் எடுக்கவில்லை.

"இன்னாங்க, இவ்ளோ தூரம்?"

தங்கதுரை கடிகாரத்தை எடுத்துக் காட்டினான். முனியன் முகத்தில் எதுவும் மாறவில்லை. உள்ளே போய், கூரைச் செருகலிலிருந்து கறுப்புக் கயிற்றில் கோத்த சின்னப் பித்தளைச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினான்.

"வர்ற அவசரத்துல இடுப்புலயே வந்துடுச்சி. யாருகிட்டயாவது சொல்லி அனுப்பியிருந்தா குடுத்து வுட்டிருப்பேனே. இதுக்குன்னா வந்தீங்க?"

ஆமாம் என்றால் ஒருவிதம், இல்லை என்றால் இன்னொரு விதம். கடிகாரத்தை அவன் பக்கம் நீட்டினான். "நீயே வச்சிக் குடு முனியா" என்றான்.

"நீங்களே வையுங்க."

தங்கதுரை சாவியை நுழைத்துத் திருப்பினான். அது போகவில்லை. இன்னும் அழுத்தப் பார்த்தான்.

"அந்தப் பக்கம் இல்ல. எடப்பக்கமா. மெதுவா." முனியனின் கை தானாக முன்னே வந்து, பாதியில் நின்று, திரும்பிப் போனது.

இடப்பக்கம் திருப்பியதும் உள்ளே மணல் உதிர்வதுபோல் சங்கிலி ஏறும் சத்தம் கேட்டது. பிறகு கடிகாரம் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கோ என்னவோ ஜெயம்மாள் நிலைப்படிக்கு வந்தாள். தோளில் பிள்ளை. முகம் இன்னும் வெளுத்திருந்தது.

"ஜெயம்மா, அன்னிக்கு நான்..."

"பாத்தேன்" என்றாள் அவள். "வைக்கல்ல படுத்துக்கினே பாத்தேன். அரிவாளோட நின்னவன் மூஞ்சியெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல. நீங்க அந்தாண்ட திரும்பிக்கினது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

"தப்புதான்" என்றான் தங்கதுரை. "வாயத் தொறந்திருக்கணும்."

"தொறந்திருக்கணும்" என்றாள் ஜெயம்மாள். அதில் கோபம் இருந்த மாதிரியும் தெரியவில்லை, மன்னித்த மாதிரியும் தெரியவில்லை.

மலைப்பக்கமிருந்து மழை இறங்கிவிட்டது. கரும்புத் தோகையில் அது ஓடிவரும் சத்தம் முதலில் வந்தது, பின்னாலேயே தண்ணீர் வந்தது. முனியன் அரிவாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். தங்கதுரை கூரை இறவாணத்துக்கு அடியில் ஒதுங்கினான். நைனார்பாளையத்தில் முனியன் வீடு எந்தத் தெருவில் என்றுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. போனதே இல்லை.

"நனையாதீங்க" என்றாள் ஜெயம்மாள். நிலைப்படியை விட்டு விலகிப் பிள்ளையோடு உள்ளே போனாள்.

கதவு திறந்தே கிடந்தது. கூரைத் தண்ணீர் அவனுடைய ஒரு தோளில் ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே இருட்டில், முனியன் ஒழுகாத மூலையாகப் பார்த்து ஒரு பாயை உதறினான். வாசல் பக்கம் திரும்பாமலே அதை விரித்து, மடங்கியிருந்த ஓரத்தைக் காலால் நிமிர்த்தினான்.