மிளகாய் மூட்டைக்கு அடியில்

உச்சிப்புளி பஸ் நிறுத்தத்தில் காலை எட்டரை மணிக்கு நின்றிருந்த அத்தனை பேரும் திடீரென்று இருமத் தொடங்கினார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்போதுதான் இருளாண்டியின் மினி லாரி வேகத்தடையில் தடாலென்று ஏறி இறங்கி, ராமலெட்சுமியின் டீக்கடைக்கு எதிரே நின்றிருந்தது. தார்ப்பாயின் ஓரத்திலிருந்து வெள்ளைப் புகை கசிந்தது.

ராமலெட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். "என்னண்ணே லோடு ஏத்திட்டு வாரீக? கண்ணு அவிஞ்சு போயிரும் போல இருக்கே!"

"மிளகா வத்தல்க்கா" என்றான் இருளாண்டி.

மேலே இருந்தது மிளகாய்தான். காலையில் கமுதி மண்டியில் ஏற்றிய பன்னிரண்டு மூட்டை. ஆனால் அதற்கு அடியில், முந்தின நாள் தூத்துக்குடியில் ஏற்றிய எட்டு அம்மோனியா சிலிண்டர்கள் படுத்திருந்தன. மண்டபம் பக்கத்து ஐஸ் கம்பெனிக்குப் போகிற சரக்கு அது.

அம்மோனியா ஏற்றுகிற வண்டியில் எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும் என்பது சட்டம். மண்டையோட்டுப் படம், விஷ வாயு என்ற எழுத்து, கசிந்தால் கூப்பிட வேண்டிய போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். இருளாண்டியிடம் பலகை இல்லாமல் இல்லை. நாலு பலகையையும் கோணிச் சாக்கில் சுற்றி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான் மகராசன்! மாட்டினால் செக்போஸ்ட்டில் நிறுத்துவார்கள், டீக்கடைக்காரர்கள் தள்ளிப் போகச் சொல்வார்கள், மண்டிக்காரர் மூட்டை ஏற்றவே மாட்டார். வம்பை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும் என்பது அவன் கட்சி.

"இது ஐஸ் கம்பெனி நெடி மாதிரில்ல இருக்கு?" என்றாள் மீன் கூடையோடு நின்ற ஒரு பெண்.

"அதெல்லாம் இல்ல தாயி. மிளகாதான், மிளகாதான்" என்று இருளாண்டி அவசரமாகச் சொன்னான்.

அந்த வழியாக பைக்கில் இரண்டு பெயிண்டர்கள் வந்தார்கள். தர்சிகன், ஜீவிதன். இருவரும் மண்டபம் அகதிகள் முகாமைச் சேர்ந்த இலங்கைத் தமிழர்கள். ராமநாதபுரத்தில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து தர்சிகன் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"மூட்டை உள்ளுக்குள்ள புகையுது போல. இப்படியே விட்டா முழுக்க எரிஞ்சிடும். அந்த ஒரு மூட்டையைக் கீழ தள்ளிடுறன்" என்றவன், கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு லாரி மேல் ஏறினான்.

ஏறாதே என்று இருளாண்டி சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அவன் வாயை மூடிக்கொண்டு காற்று வருகிற பக்கமாக ஒதுங்கி நின்றான்.

தர்சிகன் மூட்டையைப் புரட்டினான். உஸ்ஸென்ற சத்தத்தோடு வாயு நேராக அவன் முகத்தில் அடித்தது. "ஐயோ அம்மா!" என்று அலறியபடி சாலையில் விழுந்தான். கண்ணைத் திறக்க முடியவில்லை.

"மிளகா எரிச்சலுக்கு எண்ணெய்தான் சரி" என்று ராமலெட்சுமி தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு ஓடிவந்து, அவன் இரண்டு கண்ணிலும் விட்டாள். பாவம், நல்ல மனசோடுதான் செய்தாள். தண்ணீர் விட்டு, நிறுத்தாமல் கழுவ வேண்டும் என்று அந்த இடத்தில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

ஜீவிதன் ஒரு ஆட்டோவைப் பிடித்து தர்சிகனை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கூட்டம் கலைந்தது. இருளாண்டி ஈரத்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு, ஸ்பேனரோடு ஏறி வால்வை இறுக்கினான். இரண்டே திருகு. கசிவு நின்றுவிட்டது. வண்டி நின்றதுமே இதைச் செய்திருக்கலாம்.

ஆனாலும் வண்டியை எடுத்தான். யாரும் நம்பரைக் குறிக்கவில்லை, யாரும் துரத்தவில்லை. மண்டபம் முகாம் வாசலுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தபோது, சாலையோரம் ஒரு பெண் அழுதபடி போனில் பேசுவது காதில் விழுந்தது.

"மிளகாய் நெடிதானாம் அம்மா. எண்ணெய் விட்டிருக்கினமாம். தர்சிகனின்ர உயிருக்குப் பயமில்லையாம் எண்டு ஜீவிதன் சொல்றான். பஸ்ஸைத்தான் காணேல்ல."

ஆஸ்பத்திரியிலும் மிளகாய் என்றே நினைக்கிறார்கள் என்பது இருளாண்டிக்குப் புரிந்தது. வண்டியை நிறுத்தி, திருப்பினான்.

"ஏறும்மா. ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

தர்சிகனின் அக்கா றஜிதா ஏறி உட்கார்ந்தாள். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அவனால் தாங்க முடியவில்லை.

"தங்கச்சி, ஒடனே போன் போட்டு டாக்டர்ட்ட சொல்லு. அது மிளகா இல்ல, அம்மோனியா. எண்ணெய வழிச்சு எடுத்துட்டு, தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே இருக்கச் சொல்லு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வண்டிதான். நாந்தான் மிளகான்னு பொய் சொன்னேன்."

அவள் ஜீவிதனுக்குப் போன் போட்டுச் சொல்லி முடித்தாள். பிறகு கதவோரமாக ஒதுங்கி, அவனைத் திரும்பியே பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை.

டாக்டர் அம்மாள் நேராகவே சொன்னார். "வலது கண்ணு தப்பிச்சிடும். இடது கண்ணப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது. என்ன பட்டுச்சுன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா இவ்வளவு மோசமாகியிருக்காது."

இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தான் தர்சிகன். இருளாண்டி கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றான்.

"தம்பி, நாந்தான் அந்த டிரைவரு. தெரிஞ்சேதான் ஒன்னய ஏற விட்டேன்" என்றவன் குரல் உடைந்து அழுதான். "போர்டு மாட்டுனா போலீசு நிறுத்துவான்னு கழட்டி வச்சேன். மனுசனே இல்ல நான்."

தர்சிகன் குரல் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பினான்.

"சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பன் அண்ணை" என்றான் மெதுவாக. "ஆனா முதல்ல சனத்தைத் தள்ளிப் போகச் சொல்லியிருப்பன். அப்படி முகத்தைக் குடுத்திருக்க மாட்டன். அந்தப் பலகை போலீசுக்கு இல்ல அண்ணை. உதவிக்கு ஓடி வாறவனுக்கு. அதை மறைச்சா, நல்லது செய்ய வந்தவன்தான் முதல்ல சாகிறான்."

பிறகு கேட்டான். "இப்ப வண்டி எங்க நிக்குது?"

இருளாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. எட்டு சிலிண்டரும் உள்ளே. பலகை இன்னும் சீட்டுக்குப் பின்னால்.

படிகளில் விழுந்தடித்து ஓடினான். நோயாளிகளோடு வந்தவர்கள் வண்டி நிழலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிங்க! தள்ளிப் போயிருங்க! இது மிளகா வண்டி இல்ல, உள்ள விஷ வாயு இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

எல்லோரும் பதறி எழுந்தார்கள். கைக்குழந்தையை வாரி எடுத்த ஒரு பெண், ஓடுகிற ஓட்டத்தில் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பச்சப்புள்ளய மடியில போட்டுக்கிட்டு இவ்வளவு நேரம் இங்கன உக்காந்திருக்கோம். வந்து நிறுத்தையிலயே இதச் சொல்றதுக்கு ஒனக்கு என்னய்யா கேடு?"

"சொல்லியிருக்கணும் தாயி" என்றான் இருளாண்டி. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. "வண்டிய எடுக்கும்போதே சொல்லியிருக்கணும்."