ஓரம் சீவிய தோல்

மெக்கானிக் மஹபூப் பாஷாவும் ஜெஃப்ரியைப் பார்த்துத்தான் பேசினார். கெசியாவுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. காரைத் தொரப்பாடி ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தது அவள். சாவி அவள் கையில் இருந்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் ஆயில் விளக்கு எரிந்ததை நாள், நேரத்தோடு சொன்னதும் அவள்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பாய், கை துடைத்த துணியைத் தோளில் போட்டபடி, பக்கத்தில் சும்மா நின்றிருந்த அவள் புருஷனிடம் கேட்டார்:

"அம்மா ரேஸ் ஜாஸ்தி குடுப்பாங்களா சார்?"

"குடுக்கறதா? தையல் மிஷின் மிதிக்கற மாதிரி மிதிப்பா பாய்," என்றான் ஜெஃப்ரி.

இருவரும் சிரித்தார்கள்.

அந்தத் தையல் மிஷின் பேச்சு ஒன்றும் புதிதல்ல. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்ஷன் சூப்பர்வைசர் ஜெஃப்ரி. தினமும் போய்வரும் கம்பெனி பஸ்ஸில் அதைச் சொல்லியாயிற்று. சர்ச்சில் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது சொல்லியாயிற்று. ஜோலார்பேட்டையில் அவளைப் பெற்ற அம்மாவிடமே சொல்லியாயிற்று. போன இடமெல்லாம் சிரிப்பு. பாகாயத்தில் அவர்கள் தெருவில் கார் ஓட்டுகிற பொம்பளை கெசியா ஒருத்திதான். அந்த ஒருத்தியும் என்ஜினைக் கெடுத்துவிட்டாள் என்றால் கேட்பவர்களுக்கு எவ்வளவு ருசி.

பழைய பியட் அது. வாங்கியபோது ஒழுகாத வண்டி. இரண்டாயிரத்து ஒன்று ஏப்ரலில் என்ஜினின் மேல்மூடி ஓரமாக எண்ணெய் கசிந்தது. மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் அட்டையை மாற்றினார் ஒரு மெக்கானிக். ஜூனில் அடித்தொட்டி கசிந்தது. அதற்கும் கேஸ்கெட் போட்டார் இன்னொருவர். இப்போது ஆகஸ்டில், மூன்றாவது ஆளான பாஷா பாய் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்கிறார்.

"கியர்பாக்ஸ எறக்கணும் சார். ஒரு வாரம் ஆவும்."

"வேணாம் பாய். சனிக்கிழம இன்பசேகரன் வாத்தியார் வர்றாரு. இருக்கற மாதிரியே எடுத்துக்கறேன்னுட்டாரு. இந்தப் பேஜாரே வேணாம்."

காரை விற்கப்போகிற செய்தியை கெசியா இப்படித்தான் தெரிந்துகொண்டாள். ஒரு ஷெட்டில், ஒரு மெக்கானிக்குக்குச் சொன்ன பதிலில்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "எங்கம்மாவ எப்படிங்க கூட்டிட்டு வர்றது?"

அவள் அம்மா சவுரியம்மாளுக்குச் சர்க்கரையால் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மற்றக் காலிலும் புண். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை ஜோலார்பேட்டையிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரயில் படியும் பஸ் படியும் அந்தம்மாவுக்கு இனிமேல் இல்லை. மகள் போய்த் தூக்கி முன் சீட்டில் வைத்தால்தான் உண்டு.

"வாடகைக் கார் வெச்சுக்கலாம்," என்றான் ஜெஃப்ரி.

"வாடகைக் கார்க்காரன் எங்கம்மாவத் தூக்குவானா? போன தடவ வந்தவன் புண்ணு நாத்தம்னு மூக்கப் பொத்தினான். மறந்துட்டீங்களா?"

"நீ ஒழுங்கா ஓட்டியிருந்தா வண்டிய எதுக்கு விக்கப் போறேன்? ஆயில் ஸ்டிக்கக்கூட அழுத்தி வெக்கத் தெரியல. எப்பப் பாத்தாலும் ஒரு விரல் தூக்கினு நிக்குது."

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பிதான் அந்த ஸ்டிக். அவள் ஒவ்வொரு முறையும் அழுத்தித்தான் வைத்தாள். ஆனால் அது தூக்கிக்கொண்டு நின்றதும் உண்மை. தன்மேலேயே சந்தேகம் வரவைத்துவிட்டானே என்று ஆத்திரம் இன்னும் ஏறியது.

அப்படியொன்றும் ஜெஃப்ரி வேலை தெரியாதவன் இல்லை. வீட்டில் ஆடுகிற மேசைக் காலுக்கு, படபடக்கிற ஜன்னலுக்கு, சொட்டுகிற குழாய்க்கு எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே வைத்தியம்தான்: கம்பெனியிலிருந்து கொண்டுவந்த தோல் துண்டு. வெட்டி ஒட்டுவதோடு விடமாட்டான். ஷூவுக்குச் செய்வதைப் போலவே ஓரத்தைக் கத்தியால் காகிதம் மாதிரிச் சீவி, பசை போட்டு மடித்து, கறுப்பு மை தீட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "ஓரத்தப் பாருங்க" என்று காட்டுவான். மேசைக் காலுக்கு அடியில் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? அவர்களைக் குனிய வைத்துக் காட்டுவான்.

கெசியா வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வியாழக்கிழமை அவளுக்கு ஆபரேஷன் தியேட்டரில் காலை டியூட்டி. கழுத்துக் கழலை கேஸ். எல்லாம் முடிந்து தையல் போடுகிற நேரத்தில் காயம் கசிய ஆரம்பித்தது. ஒரு இடத்தைக் கட்டினால் இன்னொரு இடம். அதைக் கட்டினால் வேறொன்று. ஜூனியர் டாக்டர் முடிச்சுப் போட்ட லட்சணத்தைச் சொல்லிப் பெரிய டாக்டர் வறுத்தெடுத்தார். பையன் முகமூடிக்கு மேலே கண் கலங்கி நின்றான்.

கருவிகளை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த கெசியா, நிமிர்ந்து மானிட்டரைப் பார்த்தாள். "சார், பிரஷர் நூத்தி எண்பது," என்றாள்.

மயக்க டாக்டர் மருந்து ஏற்றினார். ஐந்தாறு நிமிடத்தில் காயம் தானாகக் காய்ந்தது. பையன் போட்ட முடிச்சில் ஒரு குற்றமும் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறினால் நல்ல முடிச்சின் பக்கத்திலும் கசியத்தான் செய்யும். இருபது வருடத்தில் அவள் எத்தனையோ முறை பார்த்த சங்கதி. பெரிய டாக்டர் பையனிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கேஸுக்குக் கை கழுவப் போய்விட்டார்.

ரத்தம் தோய்ந்த பஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்த கெசியாவின் கை பாதியில் நின்றது. மேல்மூடி, அடித்தொட்டி, பின்பக்கச் சீல். ஒன்றை அடைத்தால் இன்னொன்று.

டியூட்டி முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவள் உடுப்பைக்கூட மாற்றவில்லை. கார் பானட்டைத் தூக்கினாள். மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்து என்ஜினைத் தேய்த்துத் துடைத்தாள். காய்ந்த பிறகு முகப் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து என்ஜின் முழுக்க வெள்ளையாகத் தூவினாள். வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். ஸ்டிக்கை ஓங்கி அழுத்தினாள். பிறகு ஸ்டார்ட் செய்துவிட்டு வந்து முன்னால் நின்றாள்.

பத்து நிமிடத்தில் பவுடர் மேல்மூடி ஓரத்தில் கறுத்தது. கீழே தொட்டி ஓரத்திலும், பின்பக்கம் கியர்பாக்ஸ் சேருகிற இடத்திலும் கறுத்தது. புதுக் கேஸ்கெட், புதுக் கேஸ்கெட், பழைய சீல், மூன்றும் ஒரே நேரத்தில். அவள் கண்ணெதிரே, யார் கையும் படாமல், ஸ்டிக் மெல்ல எழுந்து ஒரு விரல் உயரத்தில் நின்றது.

"நான் ஒழுங்காத்தான் அழுத்தினேன்," என்று என்ஜினைப் பார்த்துச் சொன்னாள். குரலில் அழுகையில்லை, அத்தனையும் கோபம்.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் துணியால் பிடித்துத் தளர்த்தினாள். காற்று புஸ்ஸென்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. மூடியைத் தளர்வாகவே விட்டு, மறுபடி துடைத்து, மறுபடி பவுடர் தூவி, மறுபடி பத்து நிமிடம் ஓடவிட்டாள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

காரை எடுத்துக்கொண்டு நேராகப் பாஷா பாய் ஷெட்டுக்குப் போனாள்.

"பாய், என்ஜினுக்குள்ள சேர்ற காத்து வெளிய போறதுக்கு வழி எங்க இருக்குது?"

"பிரீதர்னு ஒரு குழா இருக்கும் சிஸ்டர். சார் வர்லியா?"

"சார எதுக்குத் தேடறீங்க? நான்தானே கேக்கறேன். குழாயக் காட்டுங்க."

பாய்க்கு முகம் சுருங்கியது. குனிந்து, கார்புரேட்டருக்குக் கீழே கையை விட்டுத் தடவினார். "இங்க குழா இல்ல. மூடி போட்டிருக்குது. கம்பெனி மூடி."

"மூச்சு விடற எடத்த எந்தக் கம்பெனிக்காரன் மூடி அனுப்புவான்?"

பாய் டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச்சை வாங்கி கெசியாவே குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் பருமன் குழாய் வாய். அதன்மேல் கறுப்பாக, வட்டமாக, அளவெடுத்தது மாதிரி ஒரு அடைப்பு. சுற்றி ஒரு கிளிப். அழுக்குக்கு நடுவிலும் ஓரம் காகிதம் மாதிரி மெல்லியதாக மடிந்திருந்தது. மூன்று மெக்கானிக்குகளுக்கும் அது கம்பெனி வேலையாகத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

பாய் கிளிப்பைக் கழற்றி, குறட்டால் பிடித்து இழுத்தார். தோல் அடைப்பு டப்பென்று வந்தது. அதைக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தப்பு எம் பேர்லதான் சிஸ்டர். மொதல்ல பாத்திருக்கணும். ஒங்க ஓட்டத்துல ஒண்ணும் இல்ல."

"அத அன்னிக்கு சிரிக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும் பாய்," என்றாள் கெசியா. அவர் தலையாட்டிவிட்டுப் புதுக் குழாய் தேடப் போனார்.

ஆம்பூர் கம்பெனி பஸ் அதே ரோட்டில்தான் நிற்கும். ஐந்தே முக்காலுக்கு ஜெஃப்ரி இறங்கினான். ஷெட்டில் காரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"எதுக்கு மறுபடி இங்க கொண்டாந்த? வாத்தியார்தான் எடுத்துக்கறேன்னாரே."

கெசியா அடைப்பை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இது யார் வேலைங்க?"

அவன் கட்டைவிரலால் அழுக்கை வழித்தான். முகம் மலர்ந்தது. "நம்ம வேலைதான். ஓரத்தப் பாரு, ஆறு மாசம் எண்ணெயில கெடந்தும் பிரியல. பிப்ரவரில காருக்குள்ள ஒரே ஆயில் நாத்தம் வந்துச்சே, அந்தக் குழா கிழிஞ்சு புகையா விட்டுட்டு இருந்துது. புடுங்கிப் போட்டுட்டு நான்தான்..."

பாஷா பாய் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல சொல்லுங்க," என்றாள் கெசியா. "பிப்ரவரில அடைச்சீங்க. ஏப்ரல்ல ஒழுக ஆரம்பிச்சுது. மூணு மெக்கானிக் வந்து, வண்டில யாராவது கை வெச்சாங்களான்னு கேட்டாங்க. இன்னா சொன்னீங்க?"

"ஞாபகம் இல்ல கெசி."

"எனக்கு இருக்குது. இவதான் ஓட்டறான்னு சொன்னீங்க."

"நாத்தம் வருதுன்னுதானே அடைச்சேன். இப்படி ஆவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"தெரியாததுக்கு நான் கோவப்படல. தெரியாமயே எம் மேல போட்டீங்களே, அதுக்குத்தான். பஸ்ல சொன்னீங்க, சர்ச்சுல சொன்னீங்க, எங்கம்மா கிட்ட சொன்னீங்க. அங்கல்லாம் நீங்களே போய் இதையும் சொல்லணும்."

சொல்கிறேன் என்றான். வாத்தியாருக்கு அன்றைக்கே அவள் போன் போட்டு, கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. சர்ச் வாசலில் இன்பசேகரன் வாத்தியாரும் இன்னும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். கெசியா பத்தடி தள்ளிக் காரின் பக்கத்தில் நின்றாள். ஜெஃப்ரி அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"வண்டி ஒழுகினது அவளால இல்ல சார். நான்தான் காத்துக் குழாய அடைச்சு வெச்சிருந்தேன். தப்பு என்னுது."

வாத்தியார் ஜெஃப்ரியின் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா, இவர்தான் புருஷன். பொண்டாட்டி செஞ்சத தன் தலையில தூக்கிப் போட்டுக்கறாரு. எத்தன பேருக்கு வரும் இந்த மனசு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அம்மா, "கெசியா குடுத்து வெச்சவ," என்றாள்.

கெசியா ஜெஃப்ரியின் முகத்தையே பார்த்தாள். இல்லை, நிஜமாகவே என் தப்புதான் என்று அவன் வாய் திறப்பான் என்று காத்திருந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலைக்குக் கீழே உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. நல்லவன் என்று நாலு பேர் சொன்னால் யாருக்கும் வருகிற சிரிப்புதான் அது.

அவள் காரில் ஏறிக் கதவை அடைத்தாள். அவன் வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தான்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஜோலார்பேட்டைக்கு. எங்கம்மாவப் பாக்க."

"இரு, நானும் வர்றேன். சொன்னேனே கெசி. அவங்க நம்பலன்னா நான் இன்னா பண்றது?"

"நம்பற வரைக்கும் சொல்லுங்க," என்றாள். "எம் மேல சொன்னப்ப ஒரு தடவையிலயே நம்பினாங்க இல்ல? அதே வாய்தானே. முடிச்சுட்டு பஸ் புடிச்சு வாங்க."

அவன் ஜன்னலிலிருந்து கையை எடுக்கும்வரை அவள் கியர் போடவில்லை. எடுத்தான். பின்னால் வாத்தியார் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஜெஃப்ரி அவர்கள் பக்கமாகத் திரும்பி நடப்பது தெரிந்தது. சொல்லப் போகிறானா, சும்மா நிற்கப் போகிறானா என்று பார்க்க அவள் காத்திருக்கவில்லை. பள்ளிகொண்டா தாண்டியும் ஆயில் விளக்கு எரியவில்லை.