சமையல்காரரிடம் பன்னிரண்டு கேள்விகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பெரிய விரிப்புகளை ஒருவர் தனியாக மடிக்க முடியாது. ஒரு முனையை அவள் பிடிப்பாள். மறுமுனையை, வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கிய தோழி பிடிப்பாள். உதறி, இரண்டாக்கி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். அப்படிச் சேரும் ஒவ்வொரு முறையும் அவள் ஒரு ஸ்பானிஷ் சொல்லைச் சொன்னாள்.

"கோமியோ. சாப்பிட்டாரு."

"என்னடி, வாயில சூடா எதையோ போட்டுக்கிட்ட மாதிரி பேசுற?"

"துர்மியோ. தூங்கினாரு. ஆப்லோ. பேசினாரு."

எல்லாம் நடந்து முடிந்தவற்றின் சொற்கள். அவளுக்கு வேண்டியதும் அவைதான். சரக்குக் கப்பலில் இயந்திர வேலை பார்த்த அவள் கணவர், நான்கு மாதங்களுக்கு முன் நடுக்கடலில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து இறந்துபோனார். கம்பெனிக் கடிதத்தில் 'அமைதியாக' என்று இருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நாட்களை எப்படி நிரப்புவது? பக்கத்திலேயே இருந்தவர் கப்பலின் சமையல்காரர். அவருக்குத் தெரிந்தது ஸ்பானிஷ் மட்டும். விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தவர், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் பேசச் சம்மதித்திருந்தார். மறுநாள் அவருக்குத் திரும்பக் கப்பல்.

"ஃபோனே மொழிபெயர்த்துடும்மா. எதுக்கு இப்படி உயிரை விடுற?" என்றாள் மகள்.

"வேற எதை வேணா அது கேக்கட்டும். உங்கப்பா எப்படிப் போனாருன்னு மெஷின் கேக்கக் கூடாது."

ரேடியோதான் அவளைத் திடுக்கிட வைத்தாள். "நீ கேட்டுடுவ, சரி. அவர் பதில் சொன்னா என்னடி பண்ணுவ?"

அன்றிலிருந்து பதில்களையும் படித்தாள். தண்ணீர், சூப், கொஞ்சம், வலி, பயம். சனிக்கிழமைக்குள் ரேடியோவுக்கே பாதி மனப்பாடமாகிவிட்டது. "தோலியோவ விட்டுட்ட பாரு. வலிச்சுதான்னு கேக்க வேணாமா?" என்று விரிப்பை இழுத்து நிறுத்தித் திருத்தினாள்.

ஞாயிறு நாலு மணிக்குத் திரையில் ஒரு பருத்த மனிதர் வந்தார். தலையை நனைத்து வாரியிருந்தார். இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் ரேடியோ. அவள் மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டுவிட்டு, பன்னிரண்டு கேள்விகளையும் எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்காமலே கேட்டாள்.

"கோமியோ?"

அவர் நிறையப் பேசினார். அதில் சூப் இருந்தது, கொஞ்சம் இருந்தது. இரண்டு விரலைக் காட்டி, கரண்டியால் ஊட்டுவதுபோல் செய்தார். இரண்டு வாய். அவளுக்குப் புரிந்தது. மூன்று கேள்விகள் இப்படியே நல்லபடியாகப் போயின.

"துர்மியோ?" என்று நாலாவதைக் கேட்டதும் அவர் முகம் உடைந்தது. இல்லை என்று தலையாட்டித் தன் நெஞ்சைத் தொட்டார். தான்தான் தூங்கிவிட்டதாகச் சொல்லி, நாற்காலியைத் தட்டி, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினார். கடைசி இரவு, நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருக்கிறார். விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "பெர்தோன்" என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார்.

இன்னும் எட்டுக் கேள்விகள் இருந்தன. கடைசிக் கேள்விக்காகத்தான் மற்றவையெல்லாம்: என்னைக் கேட்டாரா? அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். மூன்று நாள் ஊட்டிய கை அவருடையது. நாலு மாதமாக அந்த மனிதர் இதையும் சுமந்துகொண்டு யார் யாருக்கோ சமைத்துக்கொண்டிருக்கிறார். விரலால் அவரையே சுட்டிக் கேட்டாள்.

"கோமியோ?"

அவர் விழித்தார். பிறகு மெல்ல, இல்லை என்றார்.

"முதல்ல சாப்பிடுங்கண்ணா," என்றாள் தமிழிலேயே, கையை வாய்க்குக் கொண்டுபோய்.

"நல்லா அழுத்திச் சொல்லு. ஆள் வாடிப்போயிட்டாரு," என்றாள் ரேடியோ, மூக்கைத் துடைத்தபடி.

அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அதை எதன் மீதோ சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார், காய் நறுக்கினார். கைக்கு வேலை வந்ததும் தோள் இறங்கியது. அவள் காத்திருந்தாள். அவர் ஒரு வாய் ருசி பார்க்கும்வரை காத்திருந்து, நாற்காலியை முன்னால் இழுத்து, கடைசிக் கேள்வியைத் தெளிவாகக் கேட்டாள்.

கரண்டி நின்றது. பானையிலிருந்து எழுந்த ஆவி திரை முழுவதும் படர்ந்து அவர் முகத்தை மறைத்தது. வெள்ளைக்குள்ளிருந்து அவர் குரல், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி வரத் தொடங்கியது. அவள் காதைத் திரையருகே கொண்டுபோனாள்.